முதல் சுற்றா, இரண்டாம் சுற்றா?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஜொலிக்கும் மாணவர்கள், படிப்பு முடியும் முன்பே அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவுக்குப் போவது சரியா?

பதில்: டிராஃப்டில், அதாவது அணிகள் ஆண்டுதோறும் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எந்தச் சுற்றில் தேர்வாவார் என்பதைப் பொறுத்தது. முதல் சுற்றில் வருபவருக்கு முதல் 2 ஆண்டுச் சம்பளம் உறுதி; 3, 4-ஆம் ஆண்டுகள் அணியின் விருப்பம். இரண்டாம் சுற்றில் அந்த உறுதி கிடையாது. பலர் என்பிஏவுக்கு அடுத்த நிலையிலுள்ள ஜி லீக்கில் போய் நிற்பது இதனால்தான்.

ஆகவே முதலில் டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்கலாம். என்பிஏவின் ஆலோசனைக் குழுவிடம் மதிப்பீடு கேட்கலாம். கம்பைன் எனப்படும், டிராஃப்டுக்கு முந்தைய திறன் சோதனை முகாம் முடிந்த 10 நாட்களுக்குள் பெயரை விலக்கிக்கொண்டால் கல்லூரிக்குத் திரும்பலாம். பலரும் சறுக்குவது இங்கேதான்: கெடுவைத் தவறவிடுவது, கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ அங்கீகரிக்காத ஏஜென்டுடன் கையெழுத்திடுவது. இரண்டுமே கல்லூரியில் ஆடும் தகுதியைப் பறித்துவிடும்.

முதல் சுற்று, அதிலும் முதல் 15 இடம் என்று பல அணிகள் சொன்னால் என்பிஏவுக்குப் போகட்டும். காத்திருந்தால், ஒரு முழங்கால் காயம் அந்த வாய்ப்பையே அழித்துவிடும். இரண்டாம் சுற்று என்றால் கல்லூரியில் இருப்பதே மேல். 2021 முதல் மாணவர்கள் விளம்பரத்திலும் சம்பாதிக்கலாம் என்பதால், காத்திருப்பது முன்போல் வெறும் இழப்பு அல்ல. பிரபல என்பிஏ வீரர் டிம் டங்கன் கல்லூரியில் 4 ஆண்டும் படித்துவிட்டு, 1997-இல் முதல் ஆளாகத் தேர்வானார்.