பெங்களூருக்கு நான்கு பசங்க, இரண்டு நாள்: கையைக் கடிக்காமல் நல்ல பப், நல்ல சாப்பாடு எங்கே?

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருப்பது இவ்வளவுதான்: நான்கு நண்பர்கள், எல்லாரும் ஆண்கள், சென்னையிலிருந்து சனி ஞாயிறு பெங்களூர். ரயில், அறை போகத் தலைக்கு 3,000 ரூபாய். ஒன்றிரண்டு நல்ல பப், வயிறு நிறைய மலிவான சாப்பாடு வேண்டும்.

நான்கு ஆண்கள் என்று படித்ததுமே எனக்குச் சுருக்கென்றது. மற்ற பதில்களில் பப் பெயர்களை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். நல்ல இடங்கள்தான். ஆனால் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு நான்கு பசங்க மட்டும் போய் நின்றால், அதில் பல இடங்களில் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. "ஸ்டாக் என்ட்ரி இல்லை" என்பார்கள். ஜோடியாக வந்தால் உள்ளே, ஆண்கள் மட்டும் என்றால் வெளியே. சில இடங்களில் ஆண்களிடம் மட்டும் நுழைவுக் கட்டணம் வாங்குவார்கள்.

2014 ஜூன் மாதம். நான் அப்போது திருவண்ணாமலையில் இருந்தேன். எங்கள் செட்டில் ஒருவனுக்கு நல்ல வேலை கிடைத்திருந்தது. அவன் வீட்டில் முதல் பட்டதாரி, முதல் மாதச் சம்பளக்காரன். அதைக் கொண்டாட நால்வரும் பெங்களூர் வந்தோம். ரயில் நிலையமும் பஸ் நிலையமும் இருக்கிற மெஜஸ்டிக் பக்கத்தில் காந்தி நகரில் ஒரு லாட்ஜ். வெள்ளிக்கிழமை இரவு, கேள்விப்பட்டிருந்த ஒரு பெரிய பப்புக்குப் போனோம். பெயர் வேண்டாம், அது இந்தப் பதிலுக்குத் தேவையில்லை. வாசலில் நின்ற பவுன்சர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். வேலை கிடைத்தவன் காலில் தோல் செருப்பு. "செருப்பு நாட் அலவ்ட், ஸ்டாக்ஸும் நாட் அலவ்ட்" என்றார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எங்களைத் தாண்டி மூன்று ஜோடிகள் உள்ளே போய்விட்டார்கள். அவன் எங்களிடம், "டேய், நான் வெளிய நிக்கிறேன், நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க" என்றான். கொண்டாட்டமே அவனுக்காகத்தான்.

அங்கிருந்து ஆட்டோ பிடித்து சர்ச் ஸ்ட்ரீட் பக்கம் வேறொரு இடத்துக்குப் போனோம். அங்கே விட்டார்கள். விட்டார்களே என்ற நிம்மதியில் மெனுவை ஒழுங்காகப் பார்க்கவில்லை. இரண்டு பிட்சர் பீர். பசிக்குச் சிக்கன், உருளை வறுவல், மசாலாக் கடலை. கடலை மட்டும் 180 ரூபாய். ஊரில் அந்தக் கடலையைப் பத்து ரூபாய்க்குப் பொட்டலம் கட்டித் தருவார்கள். பில் வந்தது, சர்வீஸ் சார்ஜ் எல்லாம் சேர்த்து 3,740. எங்கள் நால்வர் கையிலும் சேர்த்து அன்றைக்கு இருந்தது 4,000. அந்தப் பில்லில் பாதிக்கு மேல் தீனிக்குத்தான் போயிருந்தது, ஆனாலும் யாருக்கும் வயிறு நிறையவில்லை. கஸ்தூர்பா ரோடு, ஹட்சன் சர்க்கிள், கே.ஜி. ரோடு வழியாக லாட்ஜ் வரை நடந்தே வந்தோம். வழியெல்லாம் ஒருவரும் பேசவில்லை.

லாட்ஜில் இரவு வேலை பார்த்த அண்ணன் கிருஷ்ணகிரிக்காரர். எங்கள் முகத்தைப் பார்த்து என்ன ஏது என்று விசாரித்தார். "காலையில சங்கரபுரம் போங்க, பிராமின்ஸ் காபி பார்னு கேளுங்க, யார் வேணா சொல்லுவாங்க" என்றார். சனிக்கிழமை காலை பஸ் பிடித்துப் போனோம். 1965-இலிருந்து இருக்கிற சின்னக் கடை. இட்லி, வடை, காராபாத் (ரவை உப்புமா), கேசரிபாத் (ரவா கேசரி), காபி, அவ்வளவுதான். சாம்பார் கிடையாது. சட்னி மட்டும், அதுவும் கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். உட்கார இடம் தேடக் கூடாது, தெருவிலேயே நின்று சாப்பிட வேண்டும். கார் வைத்திருப்பவரும் நிற்கிறார், பூ விற்கிற அம்மாவும் நிற்கிறார். வேலை கிடைத்தவன் மூன்றாவது பிளேட் முடிக்கும் வரை வாயே திறக்கவில்லை. காபி வந்ததும் சொன்னான், "நைட்டு அந்த ஆளு என் மூஞ்சியைப் பாக்கலடா, காலைத்தான் பாத்தான்." நால்வரும் காபி வரை சாப்பிட்டு 200 ரூபாய்கூட ஆகவில்லை.

இதை எழுதினால் சிலர் கோபப்படுவார்கள் என்று தெரியும். பெண்களின் பாதுகாப்புக்காகத்தான் அந்த விதி என்பார்கள். குடித்துவிட்டு அடுத்த மேசைப் பெண்களைத் தொந்தரவு செய்யும் கூட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன், அப்படிப்பட்டவர்களை வெளியே தள்ளத்தான் வேண்டும். ஆனால் எதுவும் செய்யாத ஒருவனை, வாசலில் அவன் செருப்பைப் பார்த்து எடைபோடுவது பாதுகாப்பு ஆகாது. இன்னும் சிலர், சின்னப் பையன்களுக்குக் குடிக்கச் சொல்லிக்கொடுக்கிறான் என்பார்கள். குடிக்காதவரை நான் குடிக்கச் சொல்லவில்லை. போவதென்று முடிவு செய்துவிட்டவர்கள் அவமானப்படாமல், ஏமாறாமல் போய் வரட்டும் என்றுதான் எழுதுகிறேன். 21 வயது ஆகாவிட்டால் போக வேண்டாம், அடையாள அட்டை கேட்பார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருடக் கடைசியில் நான் பெங்களூருக்கே வேலைக்கு வந்துவிட்டேன். இத்தனை வருடத்தில் நான் கண்டுகொண்டது ஒன்றுதான்: பப்புக்கு மதியம் போங்கள், சாப்பாட்டை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் மூன்று மணிக்குப் பப் வேறு மாதிரி இருக்கும். கூட்டம் இருக்காது, பாட்டுச் சத்தம் காதை அடைக்காது, நான்கு பசங்க வந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பிரிகேட் ரோட்டை ஒட்டிய ரெஸ்ட் ஹவுஸ் ரோட்டில் பெகோஸ் இருக்கிறது, 1989-இல் தொடங்கியது. குறுகலான மாடிகள், பழைய ராக் பாட்டு, மக்கில் டிராஃப்ட் பீர். பளபளப்பு எதுவும் இல்லை, பெங்களூரின் பழைய பப் எப்படி இருந்தது என்று பார்க்க நான் முதலில் கூட்டிப்போவது அங்கேதான். செருப்புப் போட்ட அந்த நண்பனையும் அங்கேதான் கூட்டிப்போனேன், அதே செருப்போடு.

அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றும் பீர் வேண்டுமானால் இந்திராநகர் நூறடி ரோட்டில் டோயிட். மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். சனி இரவு வாசலில் வரிசை நிற்கும், அதனால் அங்கேயும் மதியமே நல்லது. பாஸ்மதி அரிசி சேர்த்துக் காய்ச்சுகிற ஒரு பீர் வைத்திருக்கிறார்கள், லேசாக இருக்கும், பழக்கமில்லாதவர்களுக்கு ஏற்றது. பல பப்புகளில் வார நாட்களில் மாலை வரை ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் இருக்கும். ஒரு நாள் லீவு போட முடிந்தால் வெள்ளிக்கிழமையே வந்துவிடுங்கள், மிச்சம் பிடிப்பது அதிலேயே வந்துவிடும். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கடையே இருக்காது, தேதியைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்.

பில் வந்ததும் ஒருமுறை முழுதாகப் படியுங்கள். சாப்பாட்டுக்கு வரி போடுவார்கள், அது சட்டப்படி. சர்வீஸ் சார்ஜ் அப்படி இல்லை. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எடுத்துவிடுங்கள் என்று மெதுவாகச் சொன்னால் போதும். பரிமாறிய பையனுக்குக் கையில் கொடுக்க நினைப்பதைக் கொடுங்கள்.

இப்போது சாப்பாடு. இதில்தான் இந்த ஊர் தன் அன்பைக் காட்டும். தர்ஷினி என்று பெயர் போட்ட கடைகள் தெருவுக்கு ஒன்று இருக்கும். கல்லாவில் முதலில் காசு கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும், சீட்டைச் சமையல் பக்கத்து ஜன்னலில் நீட்ட வேண்டும், உயரமான வட்ட மேசையில் நின்று சாப்பிட வேண்டும். காராபாத்தும் கேசரிபாத்தும் ஒரே தட்டில் வேண்டுமானால் சௌசௌபாத் என்று கேளுங்கள். நான்கு பேருக்கு இரண்டு காபி போதும் என்றால் "ஒன் பை டூ" என்றால் பிரித்து ஊற்றித் தருவார்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், அது இந்த ஊர்ப் பழக்கம்.

மல்லேஸ்வரத்தில் சி.டி.ஆர்., பலகையில் ஸ்ரீ சாகர் என்று இருக்கும், அங்கே பெண்ணெ மசால் தோசை. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று, வெண்ணெய் வாசனையோடு வரும். பசவனகுடி காந்தி பஜாரில் 1943-இலிருந்து இருக்கும் வித்யார்த்தி பவன் தோசை வேறு ரகம். எது பெரிது என்று இங்கே சண்டையே நடக்கும், எனக்கு சி.டி.ஆர். அசைவம் வேண்டுமானால் ஜெயநகரில் சிவாஜி மிலிட்டரி ஹோட்டல். தொன்னையில் வரும் பச்சை நிறப் பிரியாணி, மதியம் தள்ளிப்போனால் தீர்ந்துவிடும். மாலையில் வி.வி. புரம் திண்டி பீதி (தீனித் தெரு), நேஷனல் காலேஜ் மெட்ரோ பக்கம். தெரு முழுக்கத் தீனிக் கடைகள். நான்கு பேரும் ஒவ்வொரு கடையிலும் ஒரு பிளேட் வாங்கிப் பங்கு போட்டுக்கொண்டே நடக்கலாம்.

கடைக்காரரிடம் முதல் வார்த்தையைக் கன்னடத்தில் பேசுங்கள். "எரடு பிளேட் இட்லி கொடி" (இரண்டு பிளேட் இட்லி கொடுங்கள்) போதும், மீதியை அவரே தமிழில் பேசி முடிப்பார்.

மலிவு என்று பேசும்போது எனக்கு இன்னொன்று நினைவுக்கு வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். சாப்பாட்டில் இவ்வளவு இரக்கமுள்ள ஊர், வாடகை வீட்டில் பல மாத அட்வான்ஸ் கேட்கிறது. நான் காலி செய்த வீட்டில், பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். நான்கு வருடம் ஆணிகூட அடிக்காமல் இருந்தேன். மீதிப் பணத்துக்கு மூன்று மாதம் அலைந்தேன். இங்கே வேலைக்கு வரும் எண்ணம் உங்களில் யாருக்காவது இருந்தால், ஒப்பந்தத்தில் அந்தப் பெயின்ட் நிபந்தனை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள் இரண்டு நாளுக்கு நான் சொல்வது: வெள்ளி இரவு பெங்களூர் மெயில் ரயிலில் ஏறினால் விடிவதற்குள் இறக்கிவிடும். சனி காலை பிராமின்ஸ் (ஞாயிறு விடுமுறை, மாற்றிவிடாதீர்கள்), மதியம் பிரியாணி, மூன்று மணிக்குப் பெகோஸ், ஆறரைக்கு வெளியே வந்து மெட்ரோவில் திண்டி பீதி. ஞாயிறு காலை சி.டி.ஆர். திரும்பி வரும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் மதியம் மூன்றுக்கு மேல்தான் கிளம்பும். அதற்கு முன் ஏதாவது ஓர் ஐயங்கார் பேக்கரியில் காரா பன் நான்கு, காங்கிரஸ் கடலை (மசாலா தடவிய வேர்க்கடலை) இரண்டு பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். ஜோலார்பேட்டை வரும்போது பசிக்கும்.