தட்டுகிற இன்ஜினும் தட்டிக் கேட்காதவர்களும்

கேள்வி: 1998ஆம் ஆண்டு கார்புரேட்டர் பெட்ரோல் வேனில் வாழைத்தார் ஏற்றுகிறேன். வெறும் வண்டியில் சத்தமில்லை. பாரத்தோடு பாலம் ஏறினால், தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்கியது போல இன்ஜின் தட்டுகிறது. இன்ஜினை இறக்க 38,000 ரூபாய் கேட்கிறார்கள். (திருவையாறு)

பதில்: முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். பிளக் பற்றவைத்த தீ பரவி வந்து சேர்வதற்குள், சிலிண்டரின் மறுகோடியில் மிஞ்சிய பெட்ரோல்–காற்றுக் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே வெடிப்பதால் எழுவது இந்த ‘நாக்கிங்’ சத்தம்; பாரத்தோடு ஏறும்போது ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அழுத்தம் கூடுவதால், வெறும் வண்டியில் அது வாய் திறப்பதில்லை. ஒரு கியர் குறைத்து ஏறிப் பாருங்கள். சத்தம் அடங்கினால் பெரும்பாலும் நாக்கிங்தான். இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டரில் தண்ணீரைப் பார்த்துவிட்டு, பிளக்கைக் கழற்றுங்கள். முனை இளம்பழுப்பாக இருந்தால் நல்லது, சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு அல்லது சூடு அதிகம். தீப்பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டை வைத்துப் பார்க்கும்போது தீப்பொறி உரிய அளவைவிட முன்னதாக விழுந்தால், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்டிரிபியூட்டரைச் சற்றே திருப்பிச் சரிசெய்யலாம். அதற்கும் அடங்காவிட்டால் பிஸ்டன் தலையில் படிந்த கரியைச் சந்தேகிக்க வேண்டும். அதற்குச் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினால் போதும்.

எனக்கு நெடுநாள் ஆற்றாமை ஒன்று உண்டு. வண்டி தட்டியதுமே ‘எத்தனால் பெட்ரோல்’ என்று கைகாட்டிவிடுகிறார்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலின் ஆக்டேன் எண் (தானாக வெடிக்காமல் தாங்கும் திறனின் அளவு) கூடுதல் என்பதால், அது நாக்கிங்கைத் தடுக்கவே செய்யும். ஆனால் எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் பழைய கார்புரேட்டரில் கலவை மெலிந்து, சூடு ஏறக்கூடும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டையும் காற்றுக் கசிவையும் பார்ப்பது அரைமணி நேர வேலை. அரைமணி நேர வேலையில் 38,000 ரூபாய் கிடைக்காது என்பதால்தான் அதை யாரும் சொல்வதில்லை.

கேள்வி: எங்கள் டீசல் மினி லாரி தட்டுவதற்கு ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் விற்றார்கள். பலனில்லை. (மன்னார்குடி)

பதில்: டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது; பெட்ரோல் நாக்கிங்கைத் தடுக்கும் ஆக்டேன் பூஸ்டருக்கு அங்கே வேலையில்லை. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். வண்டியை, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைப் பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: போன மாதம் பழைய பெட்ரோல் பிக்கப் வாங்கினேன். நின்ற இடத்திலேயே தட்டுகிறது. எழுத்தில் எதுவும் வாங்கவில்லை. (திருவாரூர்)

பதில்: ஓட்டிப் பார்த்தீர்களா என்பதைக்கூட நீங்கள் எழுதவில்லை. நின்ற இடத்தில் தட்டி, வேகத்தோடு சத்தமும் ஏறினால் அது பேரிங்காக இருக்கலாம். ஆயில் அழுத்தத்தைப் பார்க்கும்வரை ஓட்டாதீர்கள். நானும் ஒருமுறை, கெட்டி ஆயில் ஊற்றிச் சத்தத்தை அமுக்கிய ஜீப் ஒன்றைச் சமதரையில் வெறுமனே ஓட்டிப் பார்த்து வாங்கியவன்தான். இப்போதெல்லாம் தஞ்சாவூர்–திருவையாறு சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து பாலங்களையும் பாரத்தோடு ஏறி இறங்காமல் விலை பேசுவதில்லை.

கேள்வி: நாக்கிங்கிற்காக 22,000 ரூபாய் வாங்கினார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது. கழற்றிய பாகங்களையும் தரவில்லை. பில் இருக்கிறது. (கும்பகோணம்)

பதில்: உங்கள்மேல் தவறில்லை. பில்லின் நகலோடு பழைய பாகங்களைக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை. அதற்குமுன் வேறொரு மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டி, என்ன வேலை நடக்கவில்லை என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பங்க்கில் பெட்ரோல் கலப்படத்தைப் பார்க்க வடிகட்டித் தாள் சோதனை கேட்டால் முறைக்கிறார்கள். (மயிலாடுதுறை)

பதில்: முறைக்கட்டும். தாளில் ஒரு சொட்டு விட்டு, ஆவியான பின் கறை நிற்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.