ஐ.சி.எஃப். பிளாக்கில் (இரண்டு பக்கமும் வெப்பத்தடைப் பலகை, நடுவே கான்கிரீட் ஊற்றுகிற பிளாக்) வீடு கட்டப் போகிறேன், ஆர் மதிப்பு (வெப்பத்தைத் தடுக்கும் திறன்) அதிகமாக இருப்பதையே வாங்கிவிடலாமா?

வேண்டாம். ஆர் மதிப்பைக் கடைசியாகப் பாருங்கள். கட்டட மேற்பார்வை வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். இரண்டு பக்கமும் இரண்டரை அங்குல இ.பி.எஸ். (நாம் தெர்மோகோல் என்கிறோமே, அதேதான்) வைத்த சாதாரண பிளாக்கே ஆர் 20-ஐத் தொட்டுவிடும். அதற்கு மேல் இரண்டு மூன்று கூடுவதால் பெரிய வித்தியாசம் இல்லை, ஜன்னலும் கூரையும் ஒழுங்காக இல்லையென்றால் அந்தக் கூடுதலும் வீண்தான்.

முதலில் பார்க்க வேண்டியது இரண்டு பலகைகளையும் இணைக்கிற பிளாஸ்டிக் டை. ஏனென்றால் அந்த பிளாக்தான் உங்கள் சென்ட்ரிங். ஈரக் கான்கிரீட்டை ஒரு மீட்டர் உயரத்துக்கு ஊற்றினாலே அடியில் சதுர மீட்டருக்குச் சுமார் 2.4 டன் வெளிப்பக்கமாகத் தள்ளும், அத்தனையையும் இழுத்துப் பிடிப்பது அந்த டைகள். மூலையிலும், ஜன்னல் ஓரத்தில் அறுத்த பிளாக்கிலும்தான் பெரும்பாலும் பிதுங்கும். டை எத்தனை அங்குலத்துக்கு ஒன்று வருகிறது (ஆறா, எட்டா), மூலை பிளாக்கில் இருக்கிறதா, பலகைக்குள் புதைந்திருக்கும் அதன் பட்டை மேலிருந்து கீழ்வரை விடாமல் ஓடுகிறதா என்று கேளுங்கள். பின்னால் ஜிப்சம் பலகையும் வெளி உறையும் ஸ்க்ரூ பிடிக்கப்போவது அந்தப் பட்டையில்தான், தெர்மோகோலில் எதுவும் நிற்காது.

சாம்பிள் ஒன்று கேட்டு வாங்கி, ஒரு துண்டைக் கையால் ஒடித்துப் பாருங்கள். ஒடிந்த இடத்தில் மணிகளே பிளந்திருந்தால் நல்ல வார்ப்பு. மணிகள் முழுசு முழுசாக உருண்டையாகவே உதிர்ந்தால் சரியாக ஒட்டவில்லை என்று அர்த்தம், அந்தச் சரக்கு வேண்டவே வேண்டாம். அப்புறம் பட்டையில் ஒரு ஸ்க்ரூவை ஏற்றி, பலமாக இழுத்துப் பாருங்கள்.

எக்ஸ்.பி.எஸ். பலகை (மணி மணியாக இல்லாமல் ஒரே சீராக வார்த்த நுரைப் பலகை) அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வெப்பத்தைத் தடுக்கும், தண்ணீரும் குறைவாகக் குடிக்கும், ஆனால் விலை கூடும். மரச்சீவலும் சிமெண்டும் கலந்த பிளாக் எனக்குப் பிடிக்கும். உருகாது, நீராவியை வெளியே விடும், நேராகப் பூசிவிடலாம். கனமாக இருக்கும், அதே தடிமனில் வெப்பத்தடை குறைவு, அவ்வளவுதான். தெர்மோகோல் என்றால் தீத்தடுப்பு ரசாயனம் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். முன்பு போட்டுவந்த எச்.பி.சி.டி. என்ற ரசாயனத்தை, எளிதில் சிதையாத நச்சுப் பொருள்களை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் 2013-லேயே சேர்த்துவிட்டார்கள்.

உள்ளே கான்கிரீட் நிற்கும் இடம் தட்டையாக, ஒரே தடிமனாக இருக்கிற வகையையே எடுங்கள். கட்டம் கட்டமாக வருகிற வகையில் கான்கிரீட் கொஞ்சம் மிச்சமாகும், ஆனால் கம்பி வைப்பதும் சிரமம், எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்பதும் வெளியே தெரியாது. தடிமனைக் கடைக்காரர் சொல்லக்கூடாது, உங்கள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்ல வேண்டும். ஜல்லி 10 மி.மீ. அளவில் இருக்கட்டும், ஒரே மூச்சில் உச்சிவரை ஊற்றாமல் ஒரு மீட்டர் ஒரு மீட்டராகச் சுற்றி வரட்டும்.

மண்ணுக்குள் போகிற சுவருக்குத் தனிக் கவனம் வேண்டும். கரையான் தெர்மோகோலைத் தின்னாது, ஆனால் அதற்குள் வழி குடைந்துகொண்டு மேலே மரவேலை வரைக்கும் போய்விடும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. போரேட் (கரையானைக் கொல்லும் உப்பு) கலந்த பிளாக், இல்லையென்றால் கரையான் தடுப்பு உறை, இரண்டில் ஒன்று அவசியம். வாட்டர்ப்ரூஃபிங் கரைப்பான் கலந்ததாக இருக்கவே கூடாது, தெர்மோகோலைக் கரைத்துவிடும். தண்ணீரில் கலக்கிற பூச்சோ ஒட்டும் ஷீட்டோ போதும்.

வெளிப்பக்கத்தை வெயிலில் மாதக்கணக்கில் திறந்து போடாதீர்கள், மஞ்சளாகிப் பொடி உதிரும், அதன் மேல் பூச்சு பிடிக்காது. உள்பக்கம் 12.5 மி.மீ. ஜிப்சம் பலகை இல்லாமல் எந்த அறையையும் விடாதீர்கள், ஸ்டோர் ரூமாக இருந்தாலும் சரி. தீப்பிடித்தால் அந்தப் பலகைதான் வீட்டில் இருப்பவர்களுக்கு வெளியேற நேரம் தரும்.