தீவுப் பயணத்தைக் கடைசிப் படகிலிருந்து திட்டமிடுங்கள்
(வாசகர் கேள்வி–பதில்)

யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குப் படகில் போய்வருவது பற்றிக் கொழும்பு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் அவற்றுள் ஐந்து கேள்விகளுக்கு இந்த இதழில் சேர்த்தே பதிலளிக்கிறோம்.

கேள்வி: சித்திரை விடுமுறையில் நான், கணவர், எட்டு வயதும் பன்னிரண்டு வயதுமான பிள்ளைகள், எழுபத்தொரு வயதான மாமியார் ஆகிய ஐவரும் தீவுகளைப் பார்க்க விரும்புகிறோம். யாழ்ப்பாணத்தில் மூன்று நாட்கள் மட்டுமே நிற்க முடியும். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, காரைநகர் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா? எந்த வரிசையில் போவது நல்லது?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஐந்து இடங்களையும் மூன்று நாட்களுக்குள் அடக்க முயன்றால் நீங்கள் தீவுகளைப் பார்ப்பதைவிட இறங்குதுறைகளில் காத்திருக்கும் நேரமே அதிகமாக இருக்கும். அனலைதீவையும் எழுவைதீவையும் இம்முறை விட்டுவிடுங்கள். அவற்றுக்கான படகுகள் அங்கு வாழும் மக்களின் தேவைக்கு ஏற்பவே ஓடுகின்றன. தங்குமிட வசதியை எதிர்பார்த்துக் குடும்பத்தோடு போகக்கூடிய இடங்களாகவும் அவை இல்லை. மற்ற மூன்றையும் நிதானமாகப் பார்க்கலாம்.

தீவுப் பயணத்தைத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் முதற்படகு எத்தனை மணிக்கு என்றுதான் விசாரிக்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, திரும்பிவரும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதே. அந்த நேரத்தை எழுதி வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி நாளை வகுத்தால், தீவில் உங்களுக்கு உண்மையில் எத்தனை மணித்தியாலம் கிடைக்கும் என்பது தெரிந்துவிடும். நயினாதீவுக்குப் புங்குடுதீவிலுள்ள குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து கால் மணித்தியாலம், இருபது நிமிடத்தில் போய்விடலாம். மாலை வரை படகுகள் அடிக்கடி ஓடும். நெடுந்தீவு அப்படியன்று. கடல் அமைதியாக இருந்தாலே ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் பயணம். ஒரு நாளில் ஓடும் சேவைகள் சில மட்டுமே. குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்ற பெயர்பெற்ற படகுகளில் ஏதாவது ஒன்று திருத்த வேலைக்குப் போய்விட்டால் அன்றைய நேர ஒழுங்கே மாறிவிடும். ஆகவே யாழ்ப்பாணத்திலோ குறிகாட்டுவானிலோ முந்திய நாளே நேரில் அல்லது தொலைபேசியில் விசாரித்து உறுதிசெய்யுங்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய நேர அட்டவணையை மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள்.

எங்கள் யோசனை இது. வெள்ளவத்தையிலிருந்து இரவுப் பேருந்தில் புறப்பட்டால் விடியற்காலையில் யாழ்ப்பாணத்தை அடைவீர்கள். தூக்கம் கெட்ட உடம்போடு, அதுவும் முதியவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, அன்றே கடலில் இறங்க வேண்டாம். காலையில் இளைப்பாறிவிட்டு, பிற்பகலில் பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணை வழியாக ஊர்காவற்றுறைக்குச் செல்லுங்கள். அங்கிருந்து காரைநகருக்கு இடையிலுள்ள ஒடுங்கிய கடலைக் கடப்பதற்குப் ‘பாதை’ எனப்படும் மிதவை ஓடுகிறது. முச்சக்கர வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் ஆட்களோடு ஆட்களாக ஏறி நிற்கும் அந்த மிதவையிலிருந்து பார்த்தால், போர்த்துக்கேயர் கட்டி 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய ஹம்மன்ஹீல் கோட்டை நடுக்கடலில் தெரியும். பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் கிடைக்காது. பாதை பழுதடைந்து நிற்கும் நாட்களும் உண்டு. அப்படியானால் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பித் தரைவழியாகவே காரைநகருக்குப் போகலாம். கசூரினா கடற்கரையில் மாலையைக் கழித்துவிட்டு நகரத்துக்குத் திரும்புங்கள்.

இரண்டாம் நாள் காலையில் நெடுந்தீவுக்குப் போய், அன்றிரவு அங்கேயே தங்குங்கள். சிறிய விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன. விடுமுறைக் காலமாகையால் இடத்தை முன்கூட்டியே ஒழுங்கு செய்ய வேண்டும். ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தீவை, பிற்பகற் படகைப் பிடிக்க வேண்டுமே என்ற பதைப்போடு முச்சக்கர வண்டியில் ஓடி ஓடிப் பார்ப்பது அந்த மண்ணுக்குச் செய்யும் நியாயமன்று. வீதிக்கு இருபுறமும் சாந்து பூசாமல் அடுக்கி வைத்த முருகைக்கல் வேலிகளையும், ஒல்லாந்தர் காலக் கோட்டையின் இடிபாட்டையும், பெருக்க மரத்தையும் வெயில் தாழ்ந்த பிறகு நடந்து பார்க்க வேண்டும். வெளிகளில் மேயும் கட்டைக் குதிரைகள், ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் இங்கே வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்தவை. கோடையில் தண்ணீருக்குத் தவிக்கும் உயிர்கள் அவை. படம் எடுப்பதற்காக அவற்றைத் துரத்தக்கூடாது என்று பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லி வையுங்கள். சுண்ணக்கல் நிலமாகையால் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பாகவே இருக்கும். குடிநீரையும் கைக்காசையும் கரையிலிருந்தே கொண்டு செல்லுங்கள்.

நெடுந்தீவு இறங்குதுறையை அடைந்ததும் இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். 1985 மே 15 அன்று, தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகில் பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் தீவு மக்கள் அவர்களை நினைவுகூர்கிறார்கள். நாம் உல்லாசமாகக் கடக்கும் அதே நீர்வழியை அவர்கள் பள்ளிக்கும் ஆசுபத்திரிக்கும் சந்தைக்கும் இன்றும் கடக்கிறார்கள் என்பதை மனத்தில் வைத்து, படகில் நோயாளிகளுக்கும் ஊரவர்களுக்கும் முதலில் இடம் விடுங்கள்.

மூன்றாம் நாள் காலைப் படகில் குறிகாட்டுவானுக்கு வந்து, அதே துறையிலிருந்து நயினாதீவுக்குப் படகு ஏறலாம். மாமியார் நெடுந்தீவுக்கு வரத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் ஒருநாள் ஆறியிருந்துவிட்டு, அன்று காலை வாகனத்தில் குறிகாட்டுவானுக்கு வந்து உங்களோடு சேர்ந்துகொள்ளட்டும். நகரத்திலிருந்து புங்குடுதீவு வழியாக ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் வந்துவிடலாம். வாணர் தாம்போதியில் வரும்போது வீதிக்கு இருபுறமும் கடலைப் பார்த்துக்கொண்டே வருவது அவருக்கு மகிழ்ச்சி தரும். துறையில் அவரை அவசரப்படுத்த வேண்டாம். இறங்குதுறைச் சுவரில் கட்டியிருக்கும் ரயர்களில் படகு உரசி ஏறியிறங்கிக்கொண்டிருக்கும். அது மேலெழுந்து துறையின் மட்டத்துக்கு வரும் கணத்தில், படகோட்டி நீட்டும் கையை மணிக்கட்டோடு பற்றிக்கொண்டு ஒரே அடியாகக் காலை வைக்க வேண்டும். பாதிக் காலை வைத்துத் தயங்குவதுதான் ஆபத்து. சேலையைச் சற்று உயர்த்திச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். கைப்பையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். நாகபூசணி அம்மன் கோயிலுக்கு எதிரேயுள்ள துறையில் இறங்கினால் அவர் நடக்க வேண்டிய தூரம் குறைவு. நாக விகாரைக்குப் பக்கத்துத் துறை வேறு. மதியப் பூசையைக் கண்டு, அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் உண்டு, பிற்பகலிலேயே திரும்பிவிட்டால் இரவுப் பேருந்துக்குப் பதற்றமில்லை. நெடுந்தீவைக் கடைசி நாளுக்கு ஒத்திவைத்தீர்களானால், காற்றடித்துப் படகு நின்றுபோகும் ஒரு நாளில் கொழும்புப் பேருந்தும் போய்விடும்.

போயா விடுமுறைகளில் நாக விகாரைக்குத் தென்னிலங்கையிலிருந்தும் பெருந்தொகையானோர் வருவார்கள். அத்தகைய நாளை நயினாதீவுக்கென ஒதுக்க வேண்டாம்.

கேள்வி: எங்களுக்கு ஆவணியில்தான், அதாவது ஓகஸ்ட் மாதத்தில்தான் விடுமுறை கிடைக்கும். அப்போது நெடுந்தீவுக்குப் போகலாமா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: போகலாம், ஆனால் சிறு பிள்ளைகளோடு போவதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம். வைகாசி இறுதியிலிருந்து ஆவணி வரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பாக்குக் கடலின் மேல் பலமாக வீசும். அந்தக் கடல் ஆழமற்றது. ஆழமற்ற கடலில் காற்றடிக்கும்போது அலைகள் நீண்டு புரளாமல், குறுகியும் செங்குத்தாகவும் ஒன்றன்பின் ஒன்றாக எழும். படகு அவற்றின் மேல் மோதி மோதியே செல்லும். சோளகத்தில் காலை வேளை ஓரளவு அமைதியாகவும் பிற்பகல் மோசமாகவும் இருப்பது வழக்கமாகையால், போகும்போது இதமாக இருந்த கடல் திரும்பும்போது அப்படி இருக்காது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாடைக் காற்றும் மழையும் புயற்சின்னங்களும் சேர்ந்துவிடும். மாசி, பங்குனி, சித்திரை ஆகிய மாதங்களே தீவுகளுக்கு உகந்தவை. வெயிலை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஓகஸ்டில்தான் இயலும் என்றால் கிழக்கே போங்கள். தென்மேற்குக் காற்று அங்கே கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், நாம் கொழும்பில் காலிமுகத்திடலில் கொந்தளிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதே வாரத்தில் நிலாவெளிக் கடல் தெளிந்து கிடக்கும். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாமலைத் தீவு இருக்கிறது. 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் அது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டைப் பெற்றே போக வேண்டும். முருகைக்கற்களிடையே மீன்களைப் பார்க்க நீந்தும்போது எந்த நிலையிலும் கல்லின் மேல் கால் ஊன்றாதீர்கள். அது உயிருள்ளது, நாம் மிதித்து ஒடித்த கிளை மீண்டும் வளரப் பல ஆண்டுகள் செல்லும்.

கேள்வி: பொதுப் படகுக்குக் காத்திராமல் மீன்பிடிப் படகொன்றை நாள் வாடகைக்குப் பேசினால் ஒரே நாளில் மூன்று நான்கு தீவுகளுக்குப் போய்விடலாம் என்று நண்பர் சொல்கிறார். சரியா?
— வாசகர், வத்தளை

பதில்: தூரக் கணக்கில் சரியாக இருக்கலாம். ஆனால் மீன் பிடிக்கக் கட்டிய படகில் நிழல் இல்லை, பயணிகளுக்கு இருக்கை இல்லை, பெரும்பாலும் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கியும் இல்லை. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் மாண்டார்கள். அது திறந்த கடல்கூட அன்று, களப்பின் ஒரு குறுகிய கடவை. தண்ணீரின் அகலம் குறைவு என்பதற்காகப் பாதுகாப்பைக் குறைத்துக்கொள்ளலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

தனிப் படகு பேசுவதே வசதி என்று கருதினால், பயணிகளை ஏற்றுவதற்கு அனுமதி பெற்ற படகைத் தேடுங்கள். பணம் கொடுக்கும் முன்பே அங்கிகளை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லி எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளின் உடம்புக்குப் பொருந்தும் அளவில் இருக்கின்றனவா, வார்கள் இறுகுகின்றனவா என்று அங்கேயே போட்டுப் பாருங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பிரதேசங்களுக்கெனத் தனி எதிர்வுகூறல் வெளியிடுகிறது. புறப்படும் காலையில் அதை வாசியுங்கள். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, படகோட்டி “இண்டைக்குக் கடல் சரியில்லை” என்று சொன்னால் அதற்கு மேல் ஒரு சொல்லும் பேசாமல் திரும்பிவிடுவது. கூடுதல் பணம் தருவதாகச் சொல்லி அவரை வற்புறுத்துகிற குடும்பங்கள் இருக்கின்றன. அன்றைய கூலியை இழந்து ஒரு மனிதர் அப்படிச் சொல்கிறார் என்றால் அவர் எதைப் பார்த்துச் சொல்கிறார் என்பதை யோசிக்க வேண்டும்.

கேள்வி: கச்சதீவையும் இந்தப் பயணத்தில் சேர்க்க முடியுமா?
— வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: முடியாது. புனித அந்தோனியார் திருவிழாவுக்கு மட்டுமே, தவக் காலத்தில், யாழ்ப்பாண மாவட்டச் செயலகமும் கடற்படையும் ஒழுங்குசெய்யும் நாட்களில் பக்தர்கள் அங்கே போகலாம். தீவில் குடியிருப்பும் இல்லை, குடிநீரும் இல்லை. திருவிழாவுக்குப் போக விரும்பினால் தை மாதத்திலிருந்தே செய்தித்தாள்களில் வரும் அறிவித்தலைக் கவனித்து வாருங்கள்.

கேள்வி: எனக்குப் பேருந்திலேயே தலைசுற்றும். படகில் என்ன செய்வது?
— வாசகி, தெஹிவளை

பதில்: உட்காரும் இடத்தைப் பொறுத்தே பாதி நிவாரணம் கிடைத்துவிடும். சில படகுகளில் பயணிகளை மேற்தட்டுக்குக் கீழேயுள்ள அறைக்குள் இறங்கச் சொல்வார்கள். அங்கே டீசல் மணமும் புழுக்கமும் சேர்ந்து, நல்ல உடம்புக்காரரையும் வாட்டிவிடும். படகோட்டியிடம் உங்கள் நிலையைச் சொல்லி, காற்றுப் படும் இடத்தில், படகின் நடுப்பகுதியிலோ பின்பக்கத்திலோ இருக்கக் கேளுங்கள். முன்பக்கம்தான் மிக அதிகமாக ஏறி இறங்கும். கைத்தொலைபேசியைப் பார்க்காமல், தூரத்தே தெரியும் கரையையோ அடிவானத்தையோ பாருங்கள். வெறும் வயிற்றோடும் போகக்கூடாது, வயிறு முட்டவும் உண்ணக்கூடாது. இரண்டு இடியப்பமோ பாணோ போதும். எண்ணெய்ப் பலகாரத்தைத் திரும்பி வந்து சாப்பிடலாம். இஞ்சித் துண்டை வாயில் அடக்கிக்கொள்வது சிலருக்கு உதவுகிறது. மாத்திரை எடுப்பதானால் படகேறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக எடுக்க வேண்டும், ஏனென்றால் குமட்டல் தொடங்கிய பின் விழுங்கினால் பெரும்பாலும் பயன் கிடைக்காது. அவற்றுள் பல தூக்கத்தை வரவழைப்பவை. இறங்கியதும் மோட்டார் சைக்கிள் ஓட்டப் போகிறவர்கள் அவற்றைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளும், கண் அழுத்த நோய் உள்ளவர்களும், சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைப்பவர்களும் கொழும்பிலேயே தங்கள் மருத்துவரைக் கேட்டு, பெயரையும் அளவையும் எழுதி வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.