டிப் செய்தும் ஆக்ரோபோரா வெளுக்கிறதா? முட்டையைத் தேடுங்கள்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணா, என்னிடம் பவளம் வளர்க்கும் நாலடி ரீஃப் தொட்டி இருக்கிறது, வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் ஈப்போவில் ஆக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தில் ஒரு பச்சைத் துண்டு வாங்கி ஒட்டினேன். இப்போது அதுவும் பக்கத்தில் இருந்த பழைய நீலமும் அடியிலிருந்து வெளுத்துக்கொண்டு வருகின்றன. கடைக்காரர் கொடுத்த டிப் மருந்தைத் தண்ணீரில் கலந்து முக்கினேன், நாலைந்து புழு உதிர்ந்தது. இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே கதை. பக்கத்து வீட்டு மாமா தோட்டத்தில் மருந்தடித்து ரிட்டையர் ஆனவர். செம்பனைக்கு அடிக்கும் மருந்தில் ஒரே ஒரு சொட்டு தொட்டியில் விடச் சொல்கிறார். விடலாமா, இல்லை தொட்டியையே கலைத்துவிடலாமா?”

விடாதீர்கள் தம்பி. கலைக்கவும் வேண்டாம்.

முதலில் மாமா விஷயத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் அதில்தான் அவசரம். செம்பனையில் வண்டுக்கு அடிக்கும் சைபர்மெத்ரின் வகை மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் கொடிய விஷம், அதிலும் இறால், நண்டு, பாறைக்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு பூச்சிகள் எல்லாம் மிகக் கொஞ்ச அளவிலேயே போய்விடும். அவை மொத்தமாகச் செத்து அழுகினால் தண்ணீர் கெட்டு மிச்சமிருக்கும் பவளமும் போகும். வெளிநாட்டில் சிலர் இமிடாகுளோபிரிட்டும் சைஃப்ளுத்ரினும் கலந்த பூச்சிமருந்தில் பவளத்தை முக்குகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது தனி வாளியில், சில நிமிஷம், அப்புறம் நன்றாக அலசி எடுப்பது. தொட்டிக்குள் விடுவது இல்லை.

ஆனாலும் அந்த மாமாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள், செம்பனை ஓலையைத் தின்கிற உலாட் புங்குஸ் என்ற கூட்டுப்புழுவுக்கு ஒரே தடவை மருந்தடித்து வேலை முடிந்திருக்கிறதா என்று. சிரிப்பார். முட்டை கூட்டுக்குள் பத்திரமாக இருக்கும், அது பொரித்து இளம்புழு வெளியே வரும் நேரத்தைக் கணக்கெடுத்துத்தான் அடிக்க வேண்டும். உங்கள் தொட்டியில் நடப்பதும் அதேதான்.

சரி, உங்களிடம் இருப்பது ஆக்ரோபோராவை மட்டும் தின்கிற தட்டைப்புழு. புழு உதிர்ந்ததை நீங்களே பார்த்துவிட்டதால் எனக்குச் சந்தேகம் இல்லை. பொதுவாகச் சொன்னால், அடியிலிருந்து வெளுப்பது எல்லாமே புழுவால் வருவதில்லை, ஆல்கலினிட்டி, அதாவது தண்ணீரின் காரத்தன்மை, திடீரென்று ஏறி இறங்கினாலும் அப்படி வரும். வித்தியாசம் கடித்த தடத்தில் இருக்கிறது. இந்தப் புழு வாயை நீட்டி வைத்துச் சதையை உறிஞ்சும், அதனால் ஒரு மில்லிமீட்டர் அளவில் வட்ட வட்டமாக வெளிறிய புள்ளிகள் விழும். கிளையின் அடியில், வெளிச்சம் குறைவாகப் படும் பக்கத்தில்தான் அதிகம். புழுவைத் தேடினால் கிடைக்காது. தின்ற பவளத்தின் நிறத்தையே உடம்பில் ஏற்றிக்கொண்டு, பச்சைமேல் பச்சையாகத் தட்டையாக ஒட்டிக்கிடக்கும். நான் முதன்முதலில் பார்த்தபோது பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்தும் ஒன்றும் தெரியவில்லை. மருந்துக்கடையில் விற்கும் பெரிய சிரிஞ்சில் தொட்டித் தண்ணீரையே இழுத்து அடியில் பலமாகப் பீய்ச்சியதும், ஈர டிஷ்யூ துணுக்குபோல ஒன்று கழன்று வந்து, தண்ணீரில் சுருண்டு, அப்புறம் நெளிந்தது.

இப்போது முட்டை. டிப் புழுவைத்தான் கொல்லும், முட்டைக்குள் போகாது, அது அயோடினாக இருந்தாலும் சரி, கடையில் விற்கும் எந்த பாட்டிலாக இருந்தாலும் சரி. முட்டையை எங்கே இடும் என்றால், சதை செத்து வெள்ளையாக நிற்கும் எலும்பின் மேல், உயிருள்ள சதை முடிகிற விளிம்பை ஒட்டி. கசகசாவை ஒரே அடுக்காகத் தேனில் ஒட்டிவைத்த மாதிரி, பழுப்பாக, கூட்டமாக இருக்கும். துண்டை ஒட்டியிருக்கும் பிளக் என்ற சின்ன அடிக்கட்டையின் அடியிலும் பாருங்கள், பிசின் வழிந்த பள்ளத்தில் ஒளிந்திருக்கும். தண்ணீர் 27 டிகிரியில் இருந்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் பொரித்துவிடும், சூடு கூடினால் இன்னும் சீக்கிரம். நம் ஊரில் சில்லர் இல்லாமல் காற்றாடி மட்டும் வைத்திருக்கும் தொட்டி மத்தியானத்தில் 30 டிகிரியைத் தொடும். அதனால்தான் உங்களுக்கு இரண்டு வாரத்தில் திரும்ப வந்தது. மருந்து தோற்கவில்லை, நீங்கள் ஒரு தடவையோடு நிறுத்திவிட்டீர்கள்.

செய்ய வேண்டியது இது. மூன்று வாளி எடுங்கள், வெள்ளை வாளியாக இருந்தால் உதிர்வது தெரியும். மூன்றிலும் தொட்டித் தண்ணீர். முதல் வாளியில் பாட்டிலில் போட்டிருக்கிற அளவுக்கு மட்டும் மருந்து, ‘கொஞ்சம் கூடப் போட்டால் நல்லது’ என்ற நம் வழக்கம் இங்கே வேண்டாம். பவளத்தைப் போட்டு, சொல்லியிருக்கிற நிமிஷம் வரைக்கும் சிரிஞ்சால் விடாமல் பீய்ச்சுங்கள், ஏனென்றால் புழு பாதி மயங்கினாலும் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும், பீய்ச்சினால்தான் விழும். இரண்டாவது, மூன்றாவது வாளிகளில் அலசுங்கள். அப்புறம் கையில் எடுத்து, நல்ல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, முட்டை இருக்கும் எலும்பைச் சுரண்டுங்கள், முடிந்தால் அந்தப் பகுதியையே கட்டரால் வெட்டித் தூக்கிப் போடுங்கள். பழைய பிளக்கைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். வெட்டிய இடத்தையும், சுரண்ட முடியாத வெள்ளை எலும்பையும் ஜெல் வகை சூப்பர் குளூவால் மூடிவிட்டால் உள்ளே முட்டை மிஞ்சியிருந்தாலும் வெளியே வராது. மருந்துத் தண்ணீர் தொட்டிக்குத் திரும்பக்கூடாது, வீட்டுக்கு முன்னால் ஓடும் லோங்காங்கிலும் ஊற்றாதீர்கள், அது கடைசியில் ஆற்றுக்குத்தான் போகிறது.

இதை வாரம் ஒரு முறை, ஆறு வாரம் செய்யுங்கள். புதிதாகப் பொரித்த குஞ்சு வளர்ந்து முட்டையிடுகிற நிலைக்கு வர சில வாரம் ஆகும், அதற்குள் அடுத்த டிப்பில் அது மாட்டிக்கொள்ளும். கணக்கு அவ்வளவுதான். இரண்டு வாரம் எதுவும் உதிரவில்லை என்று நிறுத்துகிறவர்கள்தான் மூன்றாவது மாதத்தில் மறுபடி என்னிடம் வருகிறார்கள்.

ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய நீலம் பாறையில் படர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன், இரண்டு வருஷ வளர்ச்சி சும்மா இருக்காது. கிளையை உடைத்து எடுத்தாலும் பாறையில் ஒட்டிய அடிச்சதை உயிரோடு நிற்கும், விரல்நுனி அளவு இருந்தாலும் புழுவுக்கு அதுவே சாப்பாடு. பாறையை அப்படியே தூக்க முடிந்தால் தூக்கி வாளிக்குக் கொண்டுவாருங்கள், முடியாவிட்டால் அந்த அடிச்சதையை எபாக்சியால் முழுக்க மூடிக் கொன்றுவிடுங்கள். மனசு கேட்காது, தெரியும்.

இன்னொரு சின்னத் தொட்டி இருந்தால் ஆக்ரோபோரா எல்லாவற்றையும் அங்கே மாற்றி, டிப்பை அங்கேயே செய்யுங்கள். பெரிய தொட்டியில் ஆக்ரோபோரா ஒரு துண்டுகூட இல்லாமல் இரண்டு மாதம் விட்டால் போதும் என்பது என் அனுபவம், இந்தப் புழுவுக்கு வேறு சாப்பாடு கிடையாது, பொரித்தவை பட்டினியில் போய்விடும்.

புழுவைத் தின்ன ராஸ் மீன் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மஞ்சள் ராஸும் ஆறுகோடு ராஸும் புழுவைக் கொத்தும், எண்ணிக்கை குறையும், ஆனால் ஒழியாது. ஆறுகோடு வேறு, வளர்ந்ததும் தொட்டிக்கே மண்டோர் மாதிரி எல்லோரையும் விரட்டும். வாங்கினால் மஞ்சளை வாங்குங்கள், மூடி இல்லாத தொட்டியில் குதித்துவிடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

தட்டுத் தட்டாக வளரும் மான்டிபோரா பவளமும் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் தட்டின் அடியைத் திருப்பிப் பாருங்கள், விளிம்பு வெளுத்து, வெள்ளையாக, முதுகெல்லாம் விரல் விரலாக முளைத்த மாதிரி சில மில்லிமீட்டர் நத்தைப்பூச்சி தெரிந்தால் அது வேறு ஆள், நுடிபிராங்க். அதற்கும் டிப்பில் முட்டை சாகாது, அதே வாராவாரம் கணக்குதான். ஆக்ரோபோரா மேல் மஞ்சள் தூசியாக ஊர்ந்து, நடுவில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் அது ரெட் பக் என்ற இன்னொரு சின்னப் பூச்சி. அதற்கு நாய்களுக்குக் கொடுக்கும் மில்பிமைசின் மாத்திரைதான் மருந்து. இறாலையும் நண்டையும் சேர்த்துக் கொல்லும் என்பதால் எனக்கு எழுதிக் கேட்காமல் தொடாதீர்கள்.

அந்தப் பச்சைத் துண்டு பாதிக்கு மேல் வெளுத்திருந்தால் அதோடு ஆறு வாரம் போராட வேண்டாம். நல்ல சதை உள்ள நுனியில் இரண்டு அங்குலம் வெட்டி, டிப் செய்து, புது பிளக்கில் ஒட்டுங்கள். அடிப்பாகத்தைப் பரிதாபப்பட்டு தொட்டி மூலையில் வைக்காமல் நேராகக் குப்பையில் போடுங்கள்.