10 வெள்ளி முன்பணம் கட்ட விற்பனையாளர் அனுப்பிய செயலி: நிறுவிவிட்டால் என்ன செய்வது?

மலேசியாவில் ஒரு பேஸ்புக் புடவைக் கடை அனுப்பிய செயலியை நிறுவிவிட்டதாகக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தக் கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். வைஃபையும் அணைந்திருக்கிறதா பாருங்கள். பிறகு வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியின் அவசர எண்ணுக்கும் தேசிய மோசடிப் புகார் மையத்தின் 997க்கும் அழையுங்கள். 10 வெள்ளியை மறந்துவிடுங்கள். ஆபத்தில் இருப்பது கணக்கில் உள்ள மீதிப் பணம்.

அந்தக் கடை வாட்ஸ்அப்பில் அனுப்பியது ஏபிகே கோப்பு (செயலிக் கடைக்கு வெளியே நேரடியாக நிறுவும் ஆண்ட்ராய்டு செயலி) என்கிறீர்கள், எஃப்பிஎக்ஸ் (இணைய வங்கிவழி பணம் கட்டும் சேவை) பக்கத்தில் "கடவுச்சொல் தவறு" என்று இரண்டு முறை வந்தது என்கிறீர்கள். அநேகமாக அது போலிப் பக்கம். கடவுச்சொல் மோசடிக்காரர்களிடம் போயிருக்கும். வேறு வங்கியின் விவரத்தையும் நீங்கள் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிக் காட்டுவார்கள். குறுஞ்செய்தி படிக்கும் அனுமதியைக் கொடுத்திருந்தால், வங்கி குறுஞ்செய்தியில் டேக் எண் (பரிவர்த்தனையை உறுதிசெய்யும் ஒருமுறை எண்) அனுப்பினால் அதுவும் உங்கள் கண்ணில் படாமலேயே அவர்களுக்குப் போய்விடும்.

சோதிக்க ஒரு வழி: பயனர் பெயரைத் தட்டியதும், கடவுச்சொல் கேட்கும் முன், நீங்கள் தேர்ந்தெடுத்த பாதுகாப்புப் படமோ சொற்றொடரோ வந்ததா? வரவில்லை என்றால் அது போலிதான், சந்தேகமே வேண்டாம்.

கடவுச்சொல்லை இந்தக் கைப்பேசியில் மாற்றாதீர்கள், புதியதும் களவு போகும். உரையாடலை இன்னொரு கைப்பேசியால் படமெடுத்துவைத்து, பக்கத்துக் காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். அதன்பிறகே கைப்பேசியை முழுவதும் அழித்து மீட்டமையுங்கள். செயலியை மட்டும் நீக்கினால் போதாது.

விற்பனையாளரின் கணக்கு எண்ணைக் மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் தேடலாம். ஆனால் புகார் வந்த கணக்குகள்தான் அதில் தெரியும். நேற்றுத் திறந்த கணக்கு சுத்தமாகவே காட்டும்.