ருபார்ப் ஜின் ஊற்றினால் நெக்ரோனி இனிப்பாகிவிடுகிறது, எப்படிச் சரிசெய்வது?

கேட்டவர் தேவிபட்டினம் பக்கம். நெக்ரோனி என்பது ஜின், காம்பாரி (சிவப்பான கசப்பு மது), சிவப்பு வெர்மூத் (மூலிகை சேர்த்த ஒயின்) மூன்றையும் சம அளவில் கலக்கும் கசப்பான காக்டெய்ல்; ருபார்ப் என்பது குளிர்நாட்டில் வளரும், புளிப்பான தண்டுள்ள செடி. வெளிநாட்டிலிருந்து தம்பி வாங்கி வந்த ருபார்ப் ஜின்னை நெக்ரோனியில் சாதா ஜின்னுக்குப் பதிலாக ஊற்றியிருக்கிறார், கசப்பே தெரியாமல் சர்பத் மாதிரி ஆகிவிட்டதாம்.

நான் ஆறு வருடம் பயணிகள் கப்பலில் பார் வேலை பார்த்துவிட்டு இப்போது மண்டபத்தில் இருக்கிறேன். கப்பலில் முதல் தடவை ஒரு பயணி ருபார்ப் நெக்ரோனி கேட்டபோது, வழக்கமான நெக்ரோனியின் மேல் ருபார்ப் சிரப்பை ஊற்றிக் கொடுத்தேன். இருமல் டானிக் மாதிரி இருந்தது, அவர் பாதியிலேயே வைத்துவிட்டார். உங்களுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

முதலில் பாட்டில் லேபிளைப் பாருங்கள். ஐரோப்பாவில் ஜின் என்ற பெயரில் விற்க 37.5 சதவீதம் ஆல்கஹாலாவது இருக்க வேண்டும். உங்கள் பாட்டிலில் 20 சொச்சம்தான் போட்டிருக்கிறது என்றால் அது லிக்யூர், அதாவது சர்க்கரை சேர்த்தது. 40 போட்டிருந்தாலும் ருபார்ப் வகைகளில் பல கொஞ்சம் இனிப்பாகத்தான் இருக்கும். காம்பாரியிலும் சர்க்கரை உண்டு, சிவப்பு வெர்மூத்திலும் உண்டு. இந்த மூன்றும் சம அளவில் சேர்ந்தால் கசப்பு எங்கே மிஞ்சும்?

நெக்ரோனி பிறந்த கதையிலேயே இதற்கு வழி இருக்கிறது. 1919-ல் புளோரன்சில் காமில்லோ நெக்ரோனி என்ற பிரபு, தான் வழக்கமாகக் குடிக்கிற அமெரிக்கானோவில் (காம்பாரி, வெர்மூத், சோடா கலந்த பானம்) சோடாவை எடுத்துவிட்டு ஜின் ஊற்றச் சொன்னார் என்பார்கள். ஒன்றை எடுத்துவிட்டுத்தான் இன்னொன்றை ஊற்றச் சொல்லியிருக்கிறார், கவனியுங்கள். ருபார்ப் உள்ளே வரும்போது இனிப்பு ஏதாவது ஒன்று குறைய வேண்டும், குறைய வேண்டியது வெர்மூத். நான் செய்வது இப்படி: சாதா டிரை ஜின் (இனிப்பில்லாதது) 20 மில்லி, ருபார்ப் ஜின் 15, காம்பாரி 30, வெர்மூத் 15. அப்படியும் இனிப்பு தெரிந்தால் ருபார்ப் ஜின்னை 10 ஆக்கி டிரை ஜின்னை 25 ஆக்குங்கள். காம்பாரியை மட்டும் குறைக்காதீர்கள், இந்தப் பானத்துக்கு உயிரே அதுதான்.

அடுத்தது ஐஸ், நம்ம ஊரில் பாதி ருசி கெடுவது இதனால்தான். கடற்கரை ஓரத்து போர் தண்ணீர் உவர்ப்பு, அதை உறைய வைத்தால் ஐஸிலும் உப்பு தெரியும். கேன் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, டிரேயில் வைக்காமல் சின்ன டிபன் டப்பாவில் பெரிய கட்டியாக உறைய வையுங்கள், இந்த வெக்கையில் சின்னக் கட்டி நிமிஷத்தில் கரைந்துவிடும். மீனுக்கு அடிக்கிற ஐஸ் கம்பெனிக் கட்டி பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள், அது குடிக்கிற ஐஸ் இல்லை. எல்லாவற்றையும் ஐஸ் மேல் ஊற்றி 20 விநாடி கலக்குங்கள், குலுக்க வேண்டாம். ஆரஞ்சுத் தோலை டம்ளருக்கு மேல் பிடித்து அழுத்தி எண்ணெய் தெறித்த பிறகு உள்ளே போடுங்கள்.

தம்பியிடம் அடுத்த தடவைக்கு ருபார்ப் தண்டையே கேட்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பச்சைக் காய்கறி விமான நிலையத்தில் தாவரப் பரிசோதனையில் மாட்டும், வேண்டாம். நம்ம பக்கம் வளர்க்கவும் முடியாது, அந்தச் செடி நன்றாக வரக் குளிர்காலம் வேண்டும். எங்காவது நல்ல தண்டு கைக்கு வந்தால் 300 கிராம் நறுக்கி, 80 கிராம் பனங்கற்கண்டுப் பொடி தூவி ஒரு ராத்திரி மூடி வையுங்கள், மறுநாள் சாறு விட்டிருக்கும். அதில் 350 மில்லி டிரை ஜின் ஊற்றி ஃப்ரிட்ஜில் ஐந்து நாள் வைத்து வேட்டித்துணியில் வடிகட்டினால், கடை பாட்டிலை விடப் புளிப்பான, நல்ல ருபார்ப் ஜின் கிடைக்கும். கருப்பட்டி போட்டுப் பார்த்தேன், அதன் வாசம் ருபார்ப்பை அமுக்கிவிட்டது.

தண்டு மட்டும்தான், இலையைத் தொடாதீர்கள், அது விஷம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற ரேவல்சின்னி ருபார்ப்தானே என்று சிலர் கேட்பார்கள். குடும்பம் ஒன்றுதான், ஆனால் அது கிழங்கு. இத்தாலியில் அந்தக் கிழங்கை வைத்தே ரபார்பரோ என்ற கசப்பு மது செய்கிறார்கள். அளவு தெரியாமல் நாம் ஜின்னில் ஊறப்போட்டால் பேதிதான் ஆகும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் தண்டையும் தவிர்ப்பது நல்லது, கல் உண்டாக்கும் ஆக்சலேட் உப்பு அதில் நிறைய உண்டு.

தண்டே கிடைக்காதபோது நான் எடுப்பது ஹைபிஸ்கஸ் டீ என்று விற்கிற காய்ந்த சிவப்புப் புல்லி இதழ் (பூவின் அடியில் இருக்கும் உறை), அது நம்ம புளிச்சகீரையின் சொந்தம். 200 மில்லி ஜின்னில் இரண்டு டீஸ்பூன் போட்டால் மூன்று மணி நேரத்தில் நிறமும் புளிப்பும் இறங்கிவிடும், அதற்கு மேல் விட்டால் துவர்க்கும். ருபார்ப் வாசம் இதில் வராது, அந்தப் புளிப்பு வரும். இதில் சர்க்கரையே இல்லை என்பதால் ஜின், காம்பாரி, வெர்மூத் மூன்றையும் பழையபடி 30, 30, 30 என்றே ஊற்றலாம்.